தண்ணி இருக்கு, தூக்க ஆளில்லை: மாசி வீதிகளில் ஆடிய ஒரு ஜாம்பி கேம்பெய்னின் நிகழ்வு ஆய்வு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராகக் கதையை ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம். ஐந்து பிளேயர், கதையை நடத்தும் ஒரு ஜிஎம் (கேம் மாஸ்டர்), ஒரே கதை நீளும் பத்து செஷன் (இந்த முழுத் தொடர்தான் கேம்பெய்ன்), செஷனுக்கு மூன்றரை மணி நேரம். களம் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் தொடங்கி, வைகையைத் தாண்டி, செல்லூரில் ஒரு வீட்டு வாசலில் முடிந்த ஆட்டம் இது. கதைக்குள் ஓடிய காலம் பன்னிரண்டு நாள். கேரக்டர்கள்: ஒரு நர்ஸ், கீழமாசி வீதி லோடுமேன் ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், மளிகைக்கடை அண்ணாச்சி, கல்லூரி மாணவி.

ஜாம்பி ஆட்டங்களுக்கான விதிகள் பெரும்பாலும் அமெரிக்க ஊரை மனசில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி, எண்ணி எண்ணிச் சுட வேண்டிய தோட்டா, பத்து மைலுக்கு ஒரு சூப்பர்மார்க்கெட். அதை அப்படியே தூக்கி மதுரையில் வைத்தால் இரண்டாவது செஷனிலேயே பல்லிளிக்கும். இந்த ஆட்டத்திலும் இளித்தது. எங்கெங்கே, ஏன், எதை வைத்து ஒட்டுப்போட்டார்கள் என்பதுதான் கீழே வருவது.

விதி

முதலில் மேசைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு. எல்லாருக்கும் தெரிந்த விதி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. 2014 புத்தகத்தின்படி எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் போன ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) முழுக்கத் திரும்பிவிடும். நேற்று வாங்கிய அடி இன்றைக்கு வலிக்காத ஆட்டத்தில் பயம் எப்படி நிற்கும்? அந்தப் புத்தகத்து ஜாம்பிக்கு 22 ஹிட் பாயின்ட். சாகும் அடி விழுந்தாலும், 5 கூட்டல் வாங்கிய சேதம் என்ற இலக்கைப் பகடையில் எட்டிவிட்டால் ஒரு பாயின்ட்டோடு மறுபடி எழுந்து நிற்கும். கடைசி அடி 6 என்றால் இலக்கு 11. அதன் உடல்வலுவுக்கு 3 கூட்டல் இருப்பதால் இருபது பக்கப் பகடையில் 8 விழுந்தால் போதும். நூற்றுக்கு 65 தடவை எழுந்துவிடும். ஒன்றிரண்டு ஜாம்பிக்கு இது நல்ல விதி. பன்னிரண்டு வந்தால் சண்டைக்கே முழு செஷன் போய்விடும்.

ஆகவே இரண்டு ஆறுபக்கப் பகடைக்கு மாறினார்கள். கூட்டல் எதுவும் இல்லையென்றால் 10ம் அதற்கு மேலும் வர 36ல் 6 வாய்ப்பு, 7 முதல் 9 வரை 15, 6ம் அதற்குக் கீழும் 15. கைப்பழக்கமான வேலை என்றால் 1 கூட்டல். அப்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் 36ல் 10 என்று சமமாகி, நடுவரிசை 16 ஆகும். நடுவரிசைதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி: காரியம் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்கணும். வெட்டு விழும், அரிவாள் எலும்பில் மாட்டிக்கொள்ளும். சுவர் ஏறிவிடலாம், செருப்பு அந்தப் பக்கம் விழும். உலக்கை மாட்டாது, ஆனால் இரண்டு கையும் வேண்டும், டார்ச் யார் பிடிப்பது? மூன்று ஜாம்பிக்கு மேல் வந்துவிட்டால் சண்டைக்குப் பகடையே கிடையாது; ஓடுவதற்கு மட்டும்தான். இந்த ஒரு வரியை முதல் செஷனிலேயே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் லோடுமேன் ஆடுபவர் எப்படியும் ஒரு கடப்பாரையோடு பத்துப் பேர் நடுவில் இறங்குவார்.

தீர்ந்துபோகும் பொருளுக்குக் குறையும் பகடை. எட்டுப் பக்கத்தில் ஆரம்பம், பயன்படுத்தும்போதெல்லாம் உருட்டு, 1 அல்லது 2 விழுந்தால் ஆறு பக்கத்துக்கு இறங்கு, பிறகு நாலு பக்கம், பிறகு காலி. கணக்குப் போட்டால் எட்டுப் பக்கப் பொருள் சராசரியாக 4, 3, 2 ஆக 9 தடவை வரும். ஆறு பக்கப் பொருள் 5 தடவை. நாலுபக்கப் பகடை கிடைக்காத மேசையில் ஒரு தாயக்கட்டை போதும்: 1, 2, 3, வெறும் பக்கத்தை 4 என்று வை. பித்தளைக் கட்டை தாம்பாளத்தில் உருளும் ஓசை, டார்ச் பேட்டரி சாகும் நேரத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

ஆனால் எல்லாவற்றையும் குறையும் பகடையில் போட்டது தப்பு. கண்ணுக்குத் தெரியாமல் தீருவதற்குத்தான் அது: பேட்டரி, போன் சார்ஜ், ஆட்டோ டாங்கில் பெட்ரோல், மாத்திரை டப்பா. தண்ணியும் அரிசியும் பார்த்தாலே தெரியும். அவற்றை லிட்டரிலும் கிலோவிலும் எண்ணணும். முதல் செஷனில் தண்ணிக்கும் பகடை உருட்டி, இருபது லிட்டர் கேன் மூன்று மடக்கில் காலியானதும் அண்ணாச்சி ஆடியவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் தப்பில்லை.

வரைபடம்

மதுரைக்கு வரைபடம் போட மெனக்கெட வேண்டாம். நாயக்கர் காலத்திலேயே போட்டு வைத்துவிட்டார்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று நாலு சுற்று. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. நாலு நாலு பதினாறு கட்டம். 'இப்போ எங்கே இருக்கோம்?' என்று யாரும் கேட்பதில்லை. 'மேல ஆவணி' என்றால் எல்லாருக்கும் தெரியும். வெளி வீதி பழைய கோட்டை மதில் நின்ற தடம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அதை ஜிஎம் சொன்ன மறுநிமிடம் மாணவி ஆடியவர், 'இடிச்சது தப்பாப் போச்சே' என்றார். மேசையில் வந்த நல்ல வசனங்களில் அதுவும் ஒன்று.

நாலு சுற்றுக்கும் உள்ளே, கோயில் மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதியை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. ஒரு காரணம் மரியாதை. அதை விளக்கத் தேவையில்லை. இன்னொன்று ஆட்டக் காரணம்: உயர்ந்த மதில், விரல்விட்டு எண்ணிவிடும் அளவு வாசல், உள்ளே குளம். ஒரு தடவை உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் பிளேயர்களை வெளியே இழுக்க ஜிஎம்மிடம் ஆயுதம் இல்லை. கேம்பெய்ன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். 'கோயில் வாசல்கள் முதல் நாளே உள்ளிருந்து அடைக்கப்பட்டன' என்று ஒரு வரி, அதோடு முடிந்தது. தர்கா, சர்ச்சுக்கும் இதே விதி.

கூட்டத்தைக் காட்டப் புளியங்கொட்டை. ஒரு கொட்டை சுமாராகப் பத்துப் பேர். மொத்தம் 60: வெளி வீதிக் கட்டங்களுக்கு ஐந்தைந்து, ரயில்வே ஸ்டேஷனும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில் இருப்பதால் மேல வெளிக்கு மட்டும் கூடுதலாக எட்டு, மாசிக்கு நாலு நாலு, ஆவணி மூலம், சித்திரை இரண்டுக்கும் இரண்டிரண்டு. இதற்கு ஒரே சட்டம்: கொட்டை சும்மா பிறக்காது, சும்மா மறையாது. இடம் மட்டும் மாறும். இந்தச் சட்டம் பின்னால் செய்த வேலையைப் பார்க்கலாம்.

சின்டெக்ஸ் விவகாரம்

இரண்டாவது செஷனுக்கு ஜிஎம் தயாரித்து வைத்திருந்தது தண்ணீர்ப் பஞ்சம். சித்திரை வெயில், கரன்ட் இல்லை, குழாயில் வரத்து இல்லை. பிளேயர்கள் ஐந்து நிமிடத்தில் அதை உடைத்தார்கள். 'எல்லா மாடிலயும் சின்டெக்ஸ் இருக்குமே.' ஆமாம், இருக்கும். பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் கையேடு குடிக்கவும் சாப்பாட்டுக்குமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் வைக்கச் சொல்கிறது. மூன்று லிட்டர் என்றே வைத்தாலும் ஐந்து பேருக்கு 15 லிட்டர். ஆயிரம் லிட்டர் டாங்க் ஒன்று நிரம்பியிருந்தால் 66 நாள். தெருவில் இருபது மாடி.

அரிசியும் அதே கதைதான். ஆளுக்கு 400 கிராம் என்றால் ஐந்து பேருக்கு நாளைக்கு 2 கிலோ. 25 கிலோ சிப்பம் பன்னிரண்டரை நாள் வரும். அண்ணாச்சியின் கடையிலேயே பத்துச் சிப்பம். வீட்டுக்கு வீடு 14.2 கிலோ கேஸ் சிலிண்டர். கேம்பெய்ன் முழுக்கச் சோறு பொங்கித் தின்னலாம்.

அந்த செஷனில் ஜிஎம் செய்த அவசர வைத்தியம் டாங்குகளை எல்லாம் காலி என்று சொன்னது. மூன்றாவது வீட்டிலும் காலி என்றதும் மேசையில் நம்பிக்கை போய்விட்டது. 'நாங்க எதைத் தேடினாலும் இருக்காது, அப்படித்தானே?' என்று நர்ஸ் ஆடியவர் கேட்டார். இந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய ஆட்டம் படுத்துவிடும்.

அடுத்த வாரம் கொண்டுவந்த திருத்தம்தான் கேம்பெய்னைக் காப்பாற்றியது. தண்ணீர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு டாங்குக்கும் ஆறுபக்கப் பகடை ஒன்று: 1, 2 காலி (மோட்டார் போடும் முன்னாலேயே கரன்ட் போய்விட்டது), 3, 4 கால் டாங்க், 5 பாதி, 6 நிறைய, ஆனால் மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கணும். கஷ்டத்தைத் தூக்குவதில் வைத்தார்கள். ஆளுக்கு ஆறு சுமை இடம், அதில் இரண்டு கை. இருபது லிட்டர் கேன் நிரம்பினால் இருபது கிலோ. மூன்று இடத்தை அடைக்கும், இரண்டு கையும் போகும். கேன் தூக்குபவர் சண்டை போட முடியாது, சுவர் ஏற முடியாது, ஓடினால் பகடையில் 2 குறையும். அந்த ஒரு கேன் ஐந்து பேருக்கு ஒரு நாளும் ஒரு வேளையும்தான் வரும். தினமும் ஒருவர் நிராயுதபாணியாக மொட்டை மாடிக்கும் கீழுக்கும் நடக்கணும், தினமும் இன்னொருவர் அவருக்குக் காவல் போகணும்.

தங்குமிடம் தேர்ந்தெடுக்கும் பேச்சு அன்றோடு மாறிப்போனது. அதுவரை 'எங்கே பத்திரம்?' என்று கேட்டவர்கள், 'எந்த வீட்டு மாடிப்படி உள்ளே இருக்கு?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். படிக்கட்டு வெளிப்பக்கம் வைத்த வீடு, தண்ணி எடுக்கப் போகும்போதெல்லாம் தெருவுக்குத் தெரியும். மதுரைக்காரனுக்கு வீட்டு அமைப்பைச் சொல்லித்தர வேண்டாம். விதி அதைக் கேட்டால் போதும்.

ஷட்டர்

துப்பாக்கி இல்லாத ஊரில் தோட்டாவின் இடத்தில் எதை வைப்பது? இந்த மேசை வைத்தது சத்தம். கட்டத்துக்குக் கட்டம் ஒரு சத்தக் கணக்கு, ஆறு புள்ளி. தாழ்ந்த பேச்சுக்குப் புள்ளி இல்லை. கிரில் கேட் கொண்டி 1. ஷட்டர் தூக்கினால் 2. ஆட்டோவைக் கயிறு இழுத்துக் கிளப்பினால் 2. கதவை உடைத்தால் 3. ஆறு நிரம்பினால் ஒட்டிய கட்டம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கொட்டை உள்ளே வரும். மாசி வீதியிலும் ஆவணி மூலத்திலும் நாலு பக்கமும் ஒட்டிய கட்டம் உண்டு. வெளி வீதிக்கும் சித்திரை வீதிக்கும் மூன்றுதான். அரை நாள் யாரும் சத்தம் போடாவிட்டால் 1 குறையும்.

மூன்றாவது செஷன், கீழ ஆவணி மூல வீதி, ஒரு மருந்துக்கடை. கணக்கு ஏற்கெனவே 4ல் நிற்கிறது. ஷட்டரைத் தூக்கினால் ஆறு.

லோடுமேன்: 'முழுசாத் தூக்க வேணாம்ணே. ஒரு முழம் தூக்குனா போதும், சின்னவ உள்ள நொழைஞ்சிருவா.'

மாணவி: 'அண்ணே, நான் போறேன், ஆனா நீங்க கையை எடுத்துட்டீங்கன்னா நான் உள்ளயே சமாதி.'

அண்ணாச்சி: 'இருங்கப்பா. எங்க கடை ஷட்டரு மழைக்காலத்துல இப்படித்தான் கத்தும். ரெண்டு பக்கத் தண்டவாளத்துலயும் எண்ணெய விட்டுக் கால்மணி நேரம் விட்டுருவேன்.'

ஜிஎம் கேட்டது ஒன்றுதான்: எண்ணெய் இருக்கா? இருந்தது, அரை லிட்டர் கடலெண்ணெய் பாக்கெட், சமையலுக்கென்று எடுத்து வந்தது. அதை ஊற்றினால் சத்தம் 2லிருந்து 1. கணக்கு 5ல் நின்றது. இப்படி ஒரு யோசனை வரும்போது பகடை கேட்கவே கூடாது. கடைக்காரருக்குத் தெரிந்ததைக் கடைக்காரர் செய்தார். விலையாக எண்ணெய் போனது, கால்மணி நேரம் போனது. அதற்கும் மேல் ஒரு உருட்டு கேட்டுத் தோற்கடித்தால் அடுத்த தடவை யாரும் யோசிக்க மாட்டார்கள், கதவை உடைப்பார்கள்.

சத்தக் கணக்கின் இன்னொரு பயன் எதிர்பாராதது. திட்டம் போடுகிறேன் என்று பிளேயர்கள் முக்கால் மணி நேரம் வாதாடுவது எல்லா மேசையிலும் உள்ள வியாதி. நாலாவது செஷனிலிருந்து, வெளியிடத்தில் நின்று பத்து நிமிடம் பேசினால் ஒரு புள்ளி. குசுகுசுப்பும் அத்தனை நேரம் நீடித்தால் கேட்காதா என்ன. போன் டைமரை மேசை நடுவில் வைத்தார்கள். அப்புறம் வாதம் ஏழு நிமிடத்தைத் தாண்டவே இல்லை. வீட்டுக்குள் கதவடைத்து இருக்கும்போது இந்த விதியைப் போடக்கூடாது. அங்கே நடக்கும் பேச்சுதான் ஆட்டத்தின் பாதி.

ஆயிரம் வாலா

சிவகாசி மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வெடி கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. நாலாவது செஷனில் ஒரு குடோனில் ஆயிரம் வாலா சரம் ஆறு கிடைத்தது. அன்றே ஒன்றைக் கொளுத்தி வட மாசியில் போட்டுவிட்டுத் தெற்கே நடந்தார்கள். ஒரு பகடையும் உருட்டவில்லை. மறு செஷனில் அதே வழி, அதற்கடுத்தும் அதே. ஜிஎம்முக்கு முதலில் தோன்றியது, மீதிச் சரம் நமத்துப்போனது என்று சொல்லிவிடலாம் என்பது. சின்டெக்ஸில் சுட்டுக்கொண்டதால் அதைச் செய்யவில்லை. நல்ல வேளை.

சரம் ஒன்று வெடித்தால், ஒட்டிய கட்டங்களில் உள்ள கொட்டை அத்தனையும் அந்தக் கட்டத்துக்குப் போகும் என்று மட்டும் வைத்தார்கள். மூன்று தடவையும் பிளேயர்கள் போட்டது வட மாசியில், காரணம் தெற்கே வேலை இருந்தது. முதல் தடவையே வட வெளி 5, வட ஆவணி 2, கீழ மாசி 4, மேல மாசி 4 ஆகியவை வட மாசியின் 4 கொட்டையோடு சேர்ந்து 19. பிறகு மேல வெளியில் நின்ற 13ம் மெல்லக் காலியான மேல மாசிக்குள் கசிந்து, மூன்றாவது சரத்தோடு வடக்கே சேர்ந்தது. ஏழாவது செஷன் தொடங்கும்போது வட மாசியில் மட்டும் 32 கொட்டை. பாதி ஊர்.

நர்ஸின் அம்மா செல்லூரில். செல்லூர் ஆற்றுக்கு வடக்கே. போகும் வழி வட மாசி, வட வெளி, சிம்மக்கல், யானைக்கல். மேசையில் கொட்டைக் குவியலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதை அடுக்கியது அவர்கள்தான். ஜிஎம் மேல் பழி போட வழியே இல்லை. பத்து செஷனில் அதிகம் பயந்த நேரம் அதுதான், ஒரு ஜாம்பியும் காட்சியில் இல்லாத நேரம்.

அதற்காக எல்லாக் கணக்கையும் பிளேயர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று பொருளில்லை. கொட்டைகள் திறந்த மேசையில் இருக்கணும். சத்தக் கணக்கு ஜிஎம் திரைக்குப் பின்னால் இருப்பதே நல்லது. தான் போட்ட சத்தம் எவ்வளவு தூரம் போனது என்று நிஜத்திலும் யாருக்கும் தெரியாது.

ஆறு

வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலத்தையும் யானைக்கல் தரைப்பாலத்தையும் இடுக்குகளாக வைத்து ஒரு பெரிய காட்சி எழுதி வைத்திருந்தது. அதில் உள்ள ஓட்டையை மதுரையில் பிறந்த குழந்தை சொல்லும்: வைகையில் வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஓடாது. 'பாலம் எதுக்கு? ஆத்துல எறங்கி நடந்துருவோம்.'

முதல் செஷன் முடிந்ததுமே இது ஜிஎம்முக்கு உறைத்துவிட்டதால் தப்பித்தார்கள். கதை தொடங்கும் நாளை அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாளாக மாற்றினார்கள். அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்தாயிற்று, ஊர் கவிழ்ந்துவிட்டது, ஷட்டரை மூட ஆள் இல்லை. ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. கோடையில் அணையில் இருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து இது எத்தனை நாளும் வரலாம். இந்த ஆட்டத்தில் எட்டாம் நாள் வரை இடுப்பளவு, பிறகு நாளுக்கு ஒரு சாண் குறைந்தது. பொறுத்தால் ஆறு வற்றும், ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஒன்பதாம் நாள் தீரும். இரண்டு எண்களையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மறைத்து வைத்துத் திடீரென்று எடுப்பதைவிட, தெரிந்த எண் நெருங்கி வருவதுதான் தொண்டையை அடைக்கும்.

இந்த உறவு ஏற்பாடு செஷன் பூஜ்யத்தில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசிய நாளில், போட்டது. ஒவ்வொரு கேரக்டரும் ஊரில் மூன்று பேர் எழுதணும்: ஒருவர் அதே சுற்றில், ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர். மூன்றாவது ஆள் வெறும் அலங்காரம் என்று தோன்றும். ஆறாவது செஷனில், லோடுமேன் பத்து வருஷமாகப் பேசாத மச்சான் வீட்டில்தான் உள்பக்கப் படிக்கட்டு இருந்தது.

அவிங்க

'ஜாம்பி' என்ற சொல்லை மேசையில் சொன்னால் சிரிப்பு வருகிறது. 'பேய்' என்றால் எலுமிச்சம்பழம், வேப்பிலை, கோடாங்கி என்று பேச்சு வேறு பக்கம் ஓடும். ஒரு தடவை ஓடியும் விட்டது. மூன்றாவது செஷனில் ஆட்டோக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, 'அவிங்க இன்னும் அங்கனதான் நிக்கிறாய்ங்க' என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர். பெயர் வைப்பதைப் பிளேயர்களிடமே விட்டுவிடலாம். ஜிஎம் யோசித்து வைத்த 'நடைப்பிணம்' ஒரு தடவைக்கு மேல் யார் வாயிலும் வரவில்லை.

வர்ணனையில் ரத்தமும் குடலும் மூன்றாம் தடவையே அலுத்துவிடும். கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை எடுத்து, அவர் கையை மட்டும் காட்டினால் போதும். மேல மாசி வீதி முனையில் பூக்கட்டும் அம்மா உட்கார்ந்திருக்கிறார். விரல் போய் வந்துகொண்டிருக்கிறது. நார் இருக்கிறது, பூ இல்லை. இதற்குப் பகடை கிடையாது, சண்டை கிடையாது. ஐந்து பேரும் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டித் தாண்டிப் போனார்கள். பிறகு அந்தப் பக்கம் போன செஷன்களிலெல்லாம் யாராவது ஒருவர் அந்த முனையைச் சுற்றிக்கொண்டுதான் போனார், அங்கே கொட்டை ஒன்றும் இல்லாதபோதும்.

நோய் எங்கே கிளம்பியது என்று கேள்வி வரும். நிஜமான ஆஸ்பத்திரி பெயரை வைக்காதீர்கள். மேசையில் யாராவது ஒருவர் வீட்டு ஆள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். இந்த ஆட்டத்தில் கடைசி வரை காரணம் சொல்லவில்லை, யாரும் குறைசொல்லவும் இல்லை.

ஆடக்கூடாதவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்: குழந்தைகள் சாவதைக் காட்சியாகக் காட்டுவதில்லை, பாலியல் வன்முறை அறவே இல்லை. சாதி விஷயத்தில்தான் நெடுநேரம் பேச்சு ஓடியது. கதவைத் தட்டுபவனை உள்ளே விடலாமா என்ற காட்சி ஜாம்பி ஆட்டத்தில் வந்தே தீரும். அது இந்தப் பக்கத்தில் எந்தக் கேள்வியைக் கிளப்பும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த மேசை அதை விட்டுவிட்டது. அதனால் சில காட்சிகள் கொஞ்சம் பொய்யாக நின்றன என்பதும் உண்மை. ஐந்து பேரும் மனசார ஒப்புக்கொண்டால் மட்டும் அதைத் தொடலாம். நாலு பேர் ஒப்புக்கொண்டது போதாது.

சீட்டு

கடி விஷயத்தில் பழைய வழி: ஜிஎம் கடிபட்டவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது. கூப்பிட்ட உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். இங்கே கைகலப்பு முடிந்ததும் ஐந்து பேருக்கும் மடித்த சீட்டு, அடிபடாதவருக்கும் சேர்த்து. பெரும்பாலும் 'ஒன்றுமில்லை', சிலதில் 'கீறல்', எப்போதாவது 'பல் பட்டது'. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சீட்டில் எழுத்து ஒரே நீளமாகத் தெரியணும். ஒன்றில் இரண்டு சொல், இன்னொன்றில் நாலு வரி என்றால் கண் நகரும் நேரத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஐந்தாவது செஷனில் அப்படித்தான் அண்ணாச்சி மாட்டினார்.

பல் பட்டால் ஆறுபக்கப் பகடை ஒன்று, அத்தனை சாமம். பழைய கணக்கில் ஒரு நாளுக்கு எட்டு சாமம், ஒன்று மூன்று மணி நேரம். ஆக மூன்று மணியிலிருந்து பதினெட்டு மணி வரை. இந்த ஆட்டத்தின் காலக்கணக்கே சாமம்தான்: ஒரு சாமத்துக்கு ஒரு பெரிய வேலை, இரவு நாலு சாமமும் காவல் பிரிக்கணும், இரண்டு சாமத்துக்குக் குறைவாகத் தூங்கியவருக்கு மறுநாள் எல்லாப் பகடையிலும் 1 குறைவு. உச்சிவெயில் சாமத்தில் சுமையோடு நடந்தால் அன்றைக்குக் கூடுதலாக ஆளுக்கு ஒரு லிட்டர்.

அண்ணாச்சிக்கு விழுந்தது 4. பன்னிரண்டு மணி நேரம். மாட்டிய பிறகு அவரை ஆடியவர் மழுப்பவில்லை; கடைச் சாவியைக் கழற்றி மாணவியிடம் கொடுத்துவிட்டுச் சிப்பக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். யார் முடித்து வைப்பது என்ற காட்சியை மேசையில் ஆட வேண்டியதில்லை. 'யார் மாடிக்குக் கூடப் போறது?' என்று மட்டும் கேட்டு, லோடுமேன் கையைத் தூக்கியதும் ஜிஎம் காட்சியை மறுநாள் காலைக்கு மாற்றினார். செத்தவருக்குப் புதுக் கேரக்டர் அதே செஷனில் தரக்கூடாது, அதற்கடுத்ததைத் தாண்டவும் கூடாது. அவருக்குக் கிடைத்தது லோடுமேனின் மச்சான்.

கடைசி

ஒன்பதாம் நாள், தொடை அளவு தண்ணீரில், பாலத்தைத் தொடாமல் ஆற்றிலேயே இறங்கினார்கள். மிச்சமிருந்த மூன்று சரத்தில் இரண்டைத் தெற்கு மாசியில் போட்டும், காலியான பக்கக் கட்டங்களுக்குள் கசிந்தது போக, வட மாசியில் 14 கொட்டை நின்றது. கடக்க ஆறு உருட்டு. அதில் நாலு நடுவரிசை. ஆட்டோக்காரர் போய்ச் சேரவில்லை. மீதி மூன்று நாள் செல்லூர்த் தெருக்களில், பத்தாவது செஷன் அம்மா வீட்டு வாசலில். கதவு உள்ளிருந்து தாழிட்டிருந்தது. உள்ளே டம்ளர் வைக்கும் ஓசை. அங்கே நிறுத்தியிருக்கணும். ஜிஎம் அதற்கு மேலும் பத்து நிமிடம் அரசாங்கம், ராணுவம், தடுப்பூசி என்று சொல்லித் தீர்த்தார். யாரும் கேட்கவில்லை, இரண்டு பேர் ஏற்கெனவே பகடையை டப்பாவில் போட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுபடி ஆடுவதற்கென்று மாற்றிய எண்கள்: கொட்டை 60லிருந்து 48 (மேல வெளியின் கூடுதல் எட்டையும், கீழ வெளி, தெற்கு வெளியிலிருந்து இரண்டிரண்டையும் எடுத்தாயிற்று; 60க்கு மாசிக்குள் நடமாட்டமே மந்தமானது); சரம் ஆறுக்குப் பதில் மூன்று; டாங்க் பகடையில் காலி 1க்கு மட்டும்; எட்டு செஷன் போதும். சீட்டை எல்லாம் ஜிஎம் வீட்டிலேயே ஒரே பேனாவில் எழுதி வரணும்.

கொட்டையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஆறவிட்டு, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். பச்சையாக வைத்தால் வண்டு துளைக்கும், அடுத்த கேம்பெய்னுக்குள் ஜனத்தொகை மாவாகிவிடும்.